நான் ஏறாத படகு

மகனே, உன் தபால் கார்டு வந்தது. நான்கு வரி எழுதியிருக்கிறாய். அதில் இரண்டு வரி படத்தைப் பற்றியது, ஒரு வரி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றியது, மீதி ஒரு வரி உன் அம்மாவின் இருமலைப் பற்றியது. என் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க இடம் போதவில்லை போலிருக்கிறது. கேட்டிருந்தாலும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் எழுதியிருப்பேன். அதனால் பரவாயில்லை. ஆனால் அந்தக் கார்டில் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறாயே, அதை நான் விடுவதாக இல்லை. "படிக்காத ஜனங்களுக்குச் சொன்னால் ஏறாது, படத்தைக் காட்டினால் சட்டென்று புரிந்துவிடும், ஆகையால் நைனா கப்பல் பாய்த்துணியில் வரைந்த படத்தை உடனே அனுப்பவும்" என்று எழுதியிருக்கிறாய். உன் தகப்பன் பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தைப் பார்த்ததில்லை. மூட்டைகளின் மேல் இருந்த குறிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத்துக் கற்றேன். எழுத்துத் தெரியாதவனுக்கு ஊற்றுகிற நீர்த்த கஞ்சி என்று நீ படத்தை நினைத்தால், அந்தக் கஞ்சியைக் குடித்து வளர்ந்தவன் உன் தகப்பன்.

படம் இங்கேதான் இருக்கிறது. பரண்மேல், உன் அம்மாவின் பழைய பெட்டிக்குப் பின்னால், சுருட்டிக் கட்டிய கயிறு கூட அவிழாமல் பதினைந்து வருஷமாகக் கிடக்கிறது. உனக்கு அந்தப் படத்தின் கதை தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் சொன்ன கதைதான் உனக்குத் தெரியும். நைனா துறைமுகத் தொழிலாளிகளுக்காக ஒரு அருமையான படம் வரைந்தார், எல்லோரும் ஒன்றாக நிற்க இருந்த நேரத்தில் காத்திவாக்கத்துப் படகுக்காரர்கள் கழுத்தறுத்துவிட்டார்கள், அதனால் எல்லாம் கெட்டது என்பது நான் சொன்ன கதை. இப்போது நீ எண்ணூர் உப்பளத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்துகொண்டு, உப்பளத்து ஆட்களையும் அவர்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுவரும் படகுக்காரர்களையும் ஒரே இடத்தில் கூட்டப் போகிறாய். படகுக்காரர்கள் எல்லாம் காத்திவாக்கத்தார். அவர்கள் பக்கத்துப் பெரியவராக ஏழுமலை தண்டேல் வருகிறார் என்றும் எழுதியிருக்கிறாய். அந்தப் படத்தை அவர் கண்முன் தொங்கவிட்டால் உன் கூட்டம் அரை நாழிகை கூட நிற்காது. போன வாரம் வெயிலில் ஒரு பெண் பாத்தி வரப்பிலேயே மயங்கி விழுந்தாள், படகு வந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது என்று நீதானே உன் அம்மாவுக்கு எழுதினாய். இன்னும் சித்திரை வரவில்லை. கூட்டம் உடைந்தால் அந்த ஜனங்களுக்குத் தண்ணீர் எப்படி வரும்? ஆகவே நான் உனக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுத வேண்டியிருக்கிறது. எழுத விருப்பமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஜெர்மானியச் சண்டை முடிந்து கப்பல்கள் மறுபடி நிறைய வரத் தொடங்கியிருந்த காலம். எனக்குத் துறைமுகத்தில் மூட்டைகளுக்குக் குறி போடுகிற வேலை. நட்சத்திரம், நங்கூரம், சாடி, யானை என்று ஒவ்வொரு வியாபாரிக்கும் ஒரு குறி. தாரும் விளக்குக்கரியும் கலந்து கட்டைத் தூரிகையால் போடுவேன். அதனால் எனக்கு மார்க்குக்காரர் என்று பெயர். சுமை தூக்குகிறவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக் கூட எழுத்துத் தெரியாது. ஆனால் யானை மூட்டை எந்தக் கிடங்குக்குப் போகும், சாடி மூட்டை எங்கே போகும் என்பதில் ஒருநாளும் தப்பு நடந்ததில்லை. கப்பலிலிருந்து மூட்டைகளைப் படகில் இறக்கிக்கொண்டு வருகிறவர்கள் காத்திவாக்கத்து ஏழுமலையின் ஆட்கள். படகுக்குத் தலைவனைத் தண்டேல் என்பார்கள். படகிலிருந்து துறைமுகப் பாலத்தின்மேல் மூட்டைகளைத் தூக்க ஒரு கிரேன் இருந்தது. எப்போது தூக்க வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்று கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கை காட்டுகிறவர் ராயபுரம் காதர் பாய். இறங்கிய மூட்டையைத் தலையிலும் கழுத்திலும் ஏற்றிக் கிடங்குக்குக் கொண்டு போகிறவர்கள் வியாசர்பாடி ஆட்கள். அவர்களில் முன்னால் நிற்பவன் முனியன். நல்ல உயரம், பேச்சில் எப்போதும் ஒரு கேலி.

ஒருநாள் படகு அலையில் ஆடிய நேரத்தில் கிரேன் தூக்கிவிட்டது. மூட்டைக்கட்டு ஊஞ்சல் மாதிரி வீசி வந்து முனியனின் முழங்காலை நசுக்கிற்று. மேஸ்திரி அவனைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைக்கச் சொன்னார். அடுத்த நிமிஷம் அவன் இடத்தில் வேறு ஒருவன் நின்றான். அதுதான் அங்கே வழக்கம். அடிபட்டவனுக்கு வாசலுக்கு இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அன்று சாயங்காலமே சண்டை ஆரம்பித்துவிட்டது. படகை ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்று காதர் பாயின் ஆட்கள் சொன்னார்கள். பாய் கண்ணை மூடிக்கொண்டு கை காட்டினார் என்று படகுக்காரர்கள் சொன்னார்கள். கட்டுக்குக் கீழே நின்றவன் ஒதுங்கியிருக்க வேண்டாமா என்று இரண்டு பேரும் சொன்னார்கள். கால் ஒடிந்த முனியன் எல்லோரையும் வைதான்.

அந்த ஞாயிறு, ராயபுரம் கடற்கரையில், கவிழ்த்துப் போட்ட ஒரு படகுப் பக்கத்தில் மூன்று பிரிவாரும் கூடினோம். மயிலாப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வக்கீல் வந்து ஒற்றுமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். குற்றம் சொல்ல முடியாத பேச்சு. பாதிப் பேர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அவர் உட்கார்ந்ததும், மீன் கூடை ஒன்றின்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்த முனியன் வாயைத் திறந்தான்.

"வக்கீலய்யா சொல்றது நல்லாத்தான் கீது. நான் ஒண்ணு கேக்கறேன். கழுத்துமேல மூட்டைய வச்சிக்கினு போறவன் தல நிமிந்து மேல பாக்க முடியுமா? முடியாது. பாய், நான் வெறும் கழுத்து. நீதான் என் கண்ணு."

காதர் பாய் துறைமுகத்துப் பக்கம் கையை நீட்டினார். பிறகு, "கண்ணு பாலத்துமேல கீது முனியா. கீழ படகு ஆடுதா நிக்குதான்னு அங்கருந்து எனக்கு எங்க தெரியுது? தண்டேல் சொன்னாத்தான் தெரியும்" என்றார்.

"ஓஹோ, அப்ப நாங்க இன்னா, காலா?" என்று ஏழுமலை எழுந்தார்.

"காலுதான் தண்டேலு. கோச்சிக்காத. காலு வழுக்கிச்சுன்னா கண்ணு இருந்து இன்னா, கழுத்து இருந்து இன்னா?" என்றான் முனியன். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்காத பாவத்துக்கு என் சொந்தக் காலு பூட்ச்சி."

சிரிப்பு வெடித்தது. ஏழுமலையும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததைப் போல நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. ஒரு மணி நேரமாக வாயடைத்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பேசினார்கள். கால் முதலில் சொல்ல வேண்டும் என்றான் ஒருவன். கால் சொன்ன பிறகுதான் கண் அசைய வேண்டும் என்றான் இன்னொருவன். கழுத்து "ஆச்சு" என்று குரல் கொடுக்காமல் கட்டு இறங்கக் கூடாது என்றார்கள். படகு நிற்கும்போது தண்டேல் கையைத் தூக்குவது, அதைப் பார்த்துப் பாய் கையைத் தூக்குவது, கீழே இருந்து குரல் வந்தபின் இறக்குவது என்று அங்கேயே, மணலிலேயே, நின்று நடித்துப் பார்த்தார்கள். பிறகு ஏழுமலை ஒரு கேள்வி கேட்டார்: "ஒரு கழுத்து ஒடிஞ்சா சந்தைல வேற கழுத்து வாங்கியாந்து ஒட்ட வச்சிக்கினு போவமா?" அதோடு முடிந்தது. முனியன் கால் தேறி வரும் வரையில் அவன் இடத்தில் புது ஆள் நிற்கக் கூடாது, நிறுத்தினால் படகும் வராது, கையும் காட்டப்படாது என்று முடிவாயிற்று. புதன்கிழமை ஒரு கப்பல் வருவதாக இருந்தது. அன்றைக்கே மேஸ்திரியிடம் சொல்லிவிடுவது என்று கலைந்தோம்.

இதுவரையில் உன் தகப்பன் செய்தது ஒன்றுமில்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தேன். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எழுத்தும் தூரிகையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கூலிக்காரன் முனியன் சொன்ன ஒரு பேச்சு எல்லோரையும் எழுப்பிவிட்டது. வக்கீல் போகும்போது என்னிடம், "இதற்கெல்லாம் ஒரு படம் இருந்தால் இன்னும் எடுப்பாக இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது போதுமானதாக இருந்தது. கிழிந்த பாய்த்துணி ஒன்றை வாங்கி வந்து வீட்டு முற்றத்தில் விரித்தேன். கண், கழுத்து, கால் என்று வரைவது எனக்கு அசிங்கமாகப் பட்டது. கசாப்புக் கடைப் பலகை மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அவர்கள் வாயிலிருந்து வந்ததைத் தள்ளிவிட்டு, அதைவிடக் கௌரவமானது என்று ஒரு படகை வரைந்தேன். எல்லோரும் ஒரே படகில் போகிறார்கள். படகுக்காரர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று அவர்களை முன்னால், துடுப்போடு உட்கார வைத்தேன். நடுவில் வியாசர்பாடி ஆட்கள், முனியன் உட்பட. பின்னால் நின்றுகொண்டு எல்லோரையும் பார்க்கிறவராக, பெரிய துடுப்பைப் பிடித்தபடி, கண் அல்லவா என்று காதர் பாயை வைத்தேன். நான் கரையில் பிறந்தவன். ஊர்வலத்தில் முன்னால் போகிறவன் பெரியவன் என்று நினைக்கிறவன். எத்தனையோ ஆயிரம் தடவை அந்தப் படகுகள் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பின்னால் நின்று பெரிய துடுப்பைப் பிடிக்கிறவன்தான் தண்டேல், படகில் மற்றவர்கள் எல்லாம் அவன் சொல்லுக்குத் துடுப்புப் போடுகிறவர்கள் என்பது என் கண்ணில் பட்டிருக்கிறது, மண்டையில் ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அதே இடத்தில் மறுபடி கூடினோம். கவிழ்ந்த படகின்மேல் படத்தைத் தொங்கவிட்டு, நான் பக்கத்தில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். உனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இரண்டு நாளில் மேஸ்திரி ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டிருந்தார். கிரேன் பக்கத்து ஆளைப் படகுகளுக்கு மேலாளாகப் போடப் போகிறார்கள் என்ற பேச்சு. அது என் காதிலும் விழுந்தது. பொருட்படுத்தவில்லை.

ஏழுமலை படத்தின் கிட்டே வந்து வெகுநேரம் பார்த்தார். "பின்னால நிக்கிறது யாரு?"

"காதர் பாய்" என்றேன்.

"பாய் எப்ப தண்டேல் ஆனாரு?"

யாரோ சிரித்தார்கள். காதர் பாய் முகம் சிவந்துபோய், "நான் கேக்கலப்பா. அல்லா மேல ஆணை, நான் இத்தப் பாக்கவே இல்ல" என்றார். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல, ஏதோ பேசி முடித்த காரியம் மாதிரியே ஆயிற்று. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "தண்டேலே, எனக்குப் படகு தெரியாது, எங்கே யாரை வைப்பது, நீயே சொல்" என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. முனியன் அதற்கு வழி கூடச் செய்து கொடுத்தான். "படம் கெடக்குது வுடு தண்டேலு. என்னப் பாரு, ரெண்டு காலும் தூணு மாதிரி போட்டுக்கிறாரு. மார்க்குக்காரரே, இந்தக் காலு எந்தக் கடைல கெடைக்குது? சொன்னா நாளைக்கே வாங்கிப் போட்டுக்கினு வேலைக்கு வந்துடறேன்" என்றான். மறுபடி சிரிப்பு. உண்மைதான். அழகாக இருக்கட்டும் என்று அவன் காலை நேராக வரைந்திருந்தேன். எந்தக் காலுக்காக அத்தனை பேரும் கூடினார்களோ அந்தக் காலைப் படத்தில் நானே குணப்படுத்திவிட்டிருந்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குச் சுட்டது.

"அந்த ஆள அழிச்சிட்டு மாத்திப் போடு" என்றார் ஏழுமலை. அதிகாரமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"தார் காய்ந்துவிட்டது" என்றேன்.

"தாரு மேல தாரு பூசறதுதானே?"

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "உங்களுக்குப் படம் பார்க்கத் தெரியவில்லை" என்று சொன்னேன். எழுத்துத் தெரியாத நூறு பேருக்கு முன்னால், குறி பார்த்தே பிழைக்கிறவர்களுக்கு முன்னால், சொன்னேன்.

ஏழுமலை கோபப்படவில்லை. படத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் இன்னொரு தடவை பார்த்தார். "எல்லாரையும் ஏத்திட்ட மார்க்குக்காரரே. நீ எங்க கீற?"

"நான் வரைந்தவன்."

"அப்ப கரையிலயே இரு" என்று சொல்லிவிட்டு மணலில் நடந்து போனார். அவர் பின்னால் படகுக்காரர்கள் எல்லோரும் எழுந்து போனார்கள். புதன்கிழமை கப்பல் வந்தது, படகுகளும் வந்தன. காதர் பாய் தனியாக என்ன செய்வார், கை காட்டினார். முனியன் இடத்தில் திருவொற்றியூரிலிருந்து வந்த ஒரு புது ஆள் நின்றான். இதில் விசித்திரம் என்னவென்றால், தண்டேல் கை தூக்குவதும் பாய் கை தூக்குவதும் கீழேயிருந்து "ஆச்சு" என்று குரல் வருவதும் அன்று முதல் நிற்கவே இல்லை. முகம் கொடுத்துப் பேசாமலே அதை மட்டும் செய்தார்கள். மணலில் அவர்களாகக் கண்டுபிடித்தது நின்றது. நான் தாரில் வரைந்தது பரணுக்குப் போயிற்று.

முனியன் அப்புறம் துறைமுகத்துக்குள் வரவில்லை. வெளியே கிடங்குச் சுவர் ஓரமாகக் கிழிந்த கோணிகளைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தினமும் அவனைத் தாண்டித்தான் நான் போக வேண்டும். ஒரு தடவை கூட என்னைக் குற்றம் சொன்னதில்லை. "இன்னா மார்க்குக்காரரே, படகு வந்துச்சா?" என்று கேட்பான். அவ்வளவுதான். சாகிற வரைக்கும் கேட்டான். அதற்கு நான் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து உன்னிடம் காத்திவாக்கத்தாரைப் பற்றிச் சொல்லுவேன். நீ நான்காவது வகுப்பில் காத்திவாக்கத்துப் பையன் ஒருவனோடு சண்டை போட்டுச் சட்டை கிழிந்து வந்தாயே, உன் அம்மா அடிக்க வந்தபோது நான் தடுத்து உனக்கு வெல்லம் கொடுத்தேன். ஞாபகம் இருக்கிறதா? என் பொய்க்காக நீ அடி வாங்கியிருந்தாய், நான் வெல்லம் கொடுத்தேன்.

ஆகவே உன் கார்டுக்கு என் பதில் இது. அந்த ஜனங்களுக்கு நீ படம் கொண்டுபோக வேண்டாம். அவர்களிடம் படம் இருக்கிறது. உப்பளத்தில் நிற்கிறவனைத் தண்ணீர் வராத நாள் எப்படி இருக்கிறது என்று கேள், அவன் எதையாவது ஒன்றைச் சொல்லுவான். அது உனக்கு அசிங்கமாகவோ அற்பமாகவோ தோன்றினால், அதுதான் சரியான படம் என்று வைத்துக்கொள். மதகு திறக்காமல் கால்வாயில் காத்துக் கிடக்கிற படகுக்காரனிடம், உப்பளத்து ஆள் சொன்ன அந்தப் படத்தில் "நீ எங்கே இருக்கிறாய்" என்று கேள். அவன் தன் இடத்தைத் தானே சொல்லட்டும். பிடிக்காவிட்டால் மாற்றட்டும். மண்ணில் விரலால் போட்டதை மாற்றக் கால் போதும், அதனால் தாரைக் கிட்டே கொண்டுபோகாதே. அவர்கள் உன்னைப் பார்த்துச் சிரித்தால், சிரிப்பு முடிகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டிரு. எனக்கு அது கைவரவில்லை. நீ குமாஸ்தாவாக இருக்கிறாய், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பழகிவிட்டாய், உனக்கு என்னைவிடக் கஷ்டமாக இருக்கும். நீ எங்கே இருக்கிறாய் என்று அவர்கள் உன்னையும் கேட்பார்கள். எழுதுகிறவன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

நான் செய்தது சரியென்று இன்றைக்கும் வாதாட எனக்கு நியாயங்கள் இருக்கின்றன. மேஸ்திரி கிளப்பிய பேச்சுக்கு நானா பொறுப்பு? ஏழுமலையும் ஒரு நாள் பொறுத்திருக்கலாம். ஒரு துணியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதற்காக ஒரு மனிதனின் காலைக் கைவிட்டுப் போவது என்ன நியாயம்? இதையெல்லாம் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. மன்னிப்பு என்ற சொல் என் வாயிலிருந்து வரும் என்று நீயும் எதிர்பார்க்காதே, ஏழுமலையும் எதிர்பார்க்க மாட்டார்.

படத்தை நான் உனக்குத் தபாலில் அனுப்பப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் எண்ணூருக்கு நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை முடித்ததும் பரணிலிருந்து இறக்குவேன், அப்போது தெரிந்துகொள்வாள். கூட்டத்தில் நான் பேச மாட்டேன். கடைசி வரிசையில் உட்காருவேன், சுருளை அவிழ்க்க மாட்டேன். உப்பளத்தாரும் படகுக்காரரும் தண்ணீர் விஷயத்தைப் பேசி முடிக்கும் வரைக்கும் என் பக்கமே திரும்பாதே. அது முடிந்த பிறகு, ஏழுமலை தண்டேல் எழுந்து போகாமல் இருந்தால், துணியை அவர் முன்னால் மண்ணில் விரி. கையோடு தார்ச் சட்டியும் தூரிகையும் கொண்டு வருகிறேன். அவற்றை அவர் கையில் கொடு. என்னிடம் ஒரு கேள்வி கேட்டார், அதற்குத் தப்பான பதில் சொன்னேன், பதிலை அவரே போட்டுக்கொள்ளட்டும் என்று சொல். முனியனின் காலை முதலில் சரியாக ஒடித்துப் போடச் சொல். பிறகு என்னை வரையட்டும். துடுப்போடு வைத்தாலும் சரி, மூட்டைக்கு அடியில் வைத்தாலும் சரி, கரையிலேயே நிறுத்தினாலும் சரி. தார் காய்கிற வரைக்கும் நான் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். வாயைத் திறக்க மாட்டேன்.